பறிமுதல் செய்த பந்துகள்

கம்பத்திலிருந்து தேனி போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெரியவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: "பந்த நான் திருடலப்பா. பறிமுதல்தான் பண்ணுனேன்."

"எத்தன பந்து?"

"ஒரு திராட்சக் கூடை நெறைய. பக்கத்து வீட்டுப் பிள்ளைக அடிக்கிறதெல்லாம் எங்க மல்லிகைச் செடியிலதான் விழுகும். கேட்டு வந்தா வெரட்டி விட்ருவேன். நேத்து வீட்ல யாருமில்ல. ஆச பாரு, தென்னமட்டைய எடுத்து ஒரு பந்த அடிச்சுப் பாத்தேன். சுவரத் தாண்டி அவுக காயப்போட்ட வத்தல்ல போயி விழுந்துருச்சு."

"அய்யய்யோ! திட்டுனாகளா?"

"திட்டியிருந்தாத் தேவலயே! சின்னப்பிள்ள சுவத்துக்கு மேல எட்டி, ‘இந்தாங்க தாத்தா, ஒங்க பந்து’ன்னு குடுக்குது. பந்துல அந்தப் பிள்ளையோட பேருதான் எழுதியிருக்கு."

"நீ என்ன செஞ்ச?"

"வாங்கி வச்சுக்கிட்டேன்."