சீட்டைப் பாத்து நான் தொப்பி தைக்கிறதில்ல

அதைத் தொடாதம்மா, அந்த நீலத் தொப்பி விக்கிறதுக்கு இல்ல. ஆணியில சும்மா தொங்குது, தொங்கட்டும். நீ மொதல்ல தார்ப்பாய்க்குள்ள வா, முதுகு நனையுது பாரு. சைக்கிளை அந்தக் கம்பத்துல சாய்ச்சு வை. நூல்பெட்டிப் பக்கம் வேண்டாம், சொட்டும். ஆங், அப்படி.

என்ன அது, சீட்டா? அளவு எழுதியிருக்கா? சரி, கத்திரிக்கோலுக்கு அடியில வை, பறந்துடப் போகுது. பாத்தேன், பாத்தேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இந்த சிக்னல்ல நீ யாரை வேணா கேட்டுப் பாரு, இந்த எர்மிந்தா சீட்டைப் பாத்துத் தைக்க மாட்டா. தலை நேர்ல வரணும். புருவத்துக்கு மேல ஒரு விரக்கடை விட்டு நானே டேப்பைச் சுத்தி அளக்கணும். ஜனங்க எழுதிக் கொண்டுவர்ற அளவு இருக்கே, அது தலையோட அளவு இல்ல, தலைக்கனத்தோட அளவு. போன மாசம் ஒருத்தர் எழுபத்தொண்ணு சென்டிமீட்டர்னு எழுதிக்கிட்டு வந்தாரு. தலையா ஐயா, பூசணிக்காயான்னு கேட்டேன். பாத்தா, ஹெல்மெட்டுக்கு வெளிப்பக்கமா அளந்திருக்காரு மகராசன்! ஏதோ பேங்க்குல மேனேஜராம். அந்த பேங்க்குல காசு போட்டவங்களை நெனச்சு சிலுவை போட்டுக்கிட்டேன்.

உட்காரு. அந்த டப்பாவைக் கவுத்துப் போட்டு உட்காரு. எங்க போகப் போற இந்த மழையில? பொகோட்டாவுல மூணு மணி மழை பிடிச்சா ஒரு மணி நேரத்துக்குக் குறைஞ்சு விடாது. இந்தா, வெல்லத் தண்ணி. சூடா இருக்கு, பாத்துக் குடி. பாலாடைக்கட்டி உள்ள போட்டிருக்கேன், அடியில இருக்கும்.

அங்க பாரு, சிக்னல்ல நிக்கிறானே மஞ்சக் கோட்டு, அவனைப் பாரு. கோட்டோட முக்காட்டை இழுத்து மூடி, அதுக்கு மேல ஹெல்மெட்டைக் கவுத்திருக்கான். இப்ப தலையைத் திருப்பறான். முக்காடு திரும்புதா? திரும்பல. அவனுக்குத் தெரியறது அவன் கோட்டோட உள்துணிதான். பஸ் வந்தா அந்தத் துணியிலயா தெரியும்? ஜெபமாலையில ஒரு பத்து மணியை நான் இந்த முட்டாளுங்களுக்குன்னே ஒதுக்கி வச்சிருக்கேன்.

காலையில வந்து பாக்கணும் நீ. அஞ்சரை மணிக்கு இந்த சைக்கிள் பாதையில குளிர் காதை அறுக்கும். அதுக்காகத் தடிமனா ஒரு கம்பளிக் குல்லா. அதுக்கு மேல ஹெல்மெட் வச்சா, தலகாணி மேல குடத்தை வச்ச மாதிரி ஆடுது. நாடா தாடைக்கு எட்டல. எட்டலன்னா என்ன பண்ணுவாங்க? மாட்டாமயே விட்டுடுவாங்க! பத்து மணிக்கு வெயில் வந்தவுடனே மண்டை வேகுது. குல்லாவைக் கழட்டிப் பையில திணிக்கிறாங்க. இப்ப ஹெல்மெட் தொளதொளன்னு மூக்கு மேல வந்து உட்காருது. ஒரே தலை, காலையில ஒரு சைஸு, மத்தியானம் ஒரு சைஸு.

வெயிலைச் சொன்னதும் ஞாபகம் வருது. எலியேசர்னு ஒரு எஞ்சினியர், மொட்டைத் தலை. அரைமாசச் சம்பளத்தைக் கொட்டி ஹெல்மெட் வாங்கினாரு. காத்து போறதுக்கு அதுல இருவது ஓட்டையாம். உள்ள ஒரு மெல்லிசுத் தொப்பி போட்டுக்கோங்கன்னேன். பந்தயம் ஓட்டறவங்க யாரும் போடறதில்ல, உனக்கென்ன தெரியும்னாரு. சரிங்க ஐயா, எனக்கென்ன தெரியும்? இது மலை மேல இருக்கற ஊரு. வெயில் ஓட்டைக்குள்ள பூந்து கடிச்சிருச்சு. திங்கக்கிழமை ஹெல்மெட்டைக் கழட்டறாரு, மண்டை முழுக்க வரிவரியா, சுட்ட சோளரொட்டி மாதிரி! டேய் ஒவீதியோ, உனக்கு ஞாபகம் இருக்கில்ல? பாரு, சிரிக்கிறான். பக்கத்துல பஞ்சர் ஒட்டறான்ல, அவன்தான். சிரிச்சது போதும்டா, டியூபைப் பாரு.

இன்னொரு வகை இருக்கு, ஹெல்மெட்டை முழங்கையில மாட்டிக்கிட்டுப் போறவங்க. முடி கலைஞ்சுடுமாம். விழும்போது முழங்கையை முன்னாடி நீட்டி விழுவாங்க போல.

இல்ல, நான் சிரிக்கத்தான் சிரிக்கிறேன். இந்த வாய் அப்படி. கர்த்தர் எல்லாருக்கும் நாக்கு வச்சாரு, எனக்கு ஊசி வச்சுட்டாரு.

சரக்கா? எங்கிட்ட ஒரே சரக்குதான். இந்தா, பிடிச்சுப் பாரு. பருத்தி, மெல்லிசு, ஹெல்மெட்டுக்கு உள்ள போடறது. முன்னாடி மூணு விரல் நீளத்துக்கு ஓரம், தூறல் கண்ணுல அடிக்காது, வெயிலும் அடிக்காது. இந்தக் காதுமடிப்பு காலையில கீழ, வெயில் வந்தா உள்ள மடிச்சுக்க. பெரிய மழைன்னா ஹெல்மெட்டுக்கு மேல இந்த ரப்பர் வச்ச உறை. அவ்வளவுதான். தையல் எங்க இருக்கு, தேடிப் பாரு. நெத்தியில இருக்கா? இல்லல்ல? கடைத் தொப்பியில நெத்திக்கு நேரா கயிறு மாதிரி ஒரு தையல் ஓடும். ரெண்டு மணி நேரம் அது மேல ஹெல்மெட் அழுத்தினா, ஆபீசுக்குப் போறப்ப நெத்தியில கோடு விழுந்திருக்கும். என் மகன் அந்தக் கோட்டோட சாயங்காலம் வீட்டுக்கு வருவான். அவனுக்காகத்தான் மொதத் தொப்பியே தச்சேன். நாலு தடவை பிரிச்சுத் தச்சேன். அந்த ஆணியில தொங்குதே, நீ தொட்டியே, அதுதான்.

அவனா? வில்மார். இருக்கான், நல்லாத்தான் இருக்கானாம். எங்கிட்ட பேசறதில்ல. நாலு வருஷம் ஆச்சு.

தெக்கேயிருந்து வடக்க வேலைக்குப் போற சைக்கிள் எல்லாம் இந்த சிக்னல்ல நிக்கணும். அதனாலதான் என் தொப்பி வண்டியை இங்க கொண்டாந்து போட்டேன், என்னைக்காவது நிப்பான்னு. ஐயா என்ன பண்றாரு தெரியுமா? அடுத்த பெரிய ரோட்டைச் சுத்திப் போறாரு. இருவது நிமிஷம் கூட! ஒவீதியோ பாத்துட்டு வந்து சொன்னான். அந்த ரோட்டுல பாதை முழுக்கக் குழி. குழியில விழுந்தாலும் விழுவேன், அம்மா மூஞ்சியில முழிக்க மாட்டேங்கிற பிடிவாதம். யாரு பிள்ளை? என் பிள்ளைதானே.

என்ன நடந்ததா? ஒண்ணும் நடக்கல. நான் வாயைத் திறந்தேன், அவ்வளவுதான்.

ஒரு ஞாயித்துக்கிழமை. பொண்ணு ஒருத்தியைக் கூட்டிட்டு வரேன்னு சொன்னான். நானும் கோழியும் மூணு வகை உருளைக்கிழங்கும் போட்டு சூப்பு வச்சேன். என் தங்கச்சிங்க மூணு பேரும் வந்து சோபாவுல வரிசையா உட்காந்திருக்காங்க, பொண்ணைப் பாக்க. வெளிய இதே மாதிரி மழை. கதவைத் திறந்தா, சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. ஹெல்மெட்டைக் கழட்டினா. உள்ள என்ன தெரியுமா? ரொட்டிக்கடைப் பிளாஸ்டிக் பை! தலையில இழுத்து மாட்டியிருக்கா, நெத்தியில கடைப் பேரு கொட்டை எழுத்துல.

எங்க எந்திரிக்கிற? உட்காரும்மா, மழை விடல.

நான் பாத்தேன். சும்மா இருந்திருக்கலாம்ல? வாயில வந்துருச்சு. ஏண்டா வில்மார், மருமக வருவான்னு பாத்தா பார்சல்ல ரொட்டி வந்திருக்கேன்னேன். தங்கச்சிங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாளுங்க. சிரிப்பைக் கேட்டா எனக்கு நிக்காது. இன்னைக்குச் சுட்டதா, நேத்துச் சுட்டதான்னு கேட்டேன். சாப்பிடறப்பவும் விடல. ரொட்டிப்பைக்கு இன்னும் கொஞ்சம் சூப்பு ஊத்துங்கடின்னேன்.

அவளா? அந்தப் பையை எடுத்தா, தண்ணியை உதறினா, நாலா மடிச்சா. ஓரத்தோட ஓரம் சேத்து, கைக்குட்டையை மடிக்கிற மாதிரி. பாக்கெட்டுல வச்சா. சூப்பு முழுக்கக் குடிச்சா. நன்றிம்மான்னு சொல்லிட்டுப் போயிட்டா. இவன் எந்திரிச்சான். தலையில இருந்த நீலத் தொப்பியைக் கழட்டி மேசை மேல, என் தட்டுக்குப் பக்கத்துல வச்சான். வச்சுட்டு அவ பின்னாடியே போயிட்டான். தொப்பி இல்லாம, மழையில.

பேரா? வில்மார் சொன்னான்தான், ஆனா எங்க வீட்டுல அவளுக்குப் பேரே கிடையாது. தங்கச்சிங்க இன்னைக்கும் ரொட்டிப்பைன்னுதான் சொல்றாளுங்க. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன், கோவத்துல. புள்ளையைக் கொண்டுபோயிட்டாளேன்னு. மூணு மாசம் கழிச்சு எங்க தெரு முடிக்கடைக்காரி சொல்றா, ஏன்க்கா, உங்க வில்மார் கட்டிக்கப்போற பொண்ணு எப்படி இருக்கா, அன்னைக்கு எங்கிட்டதானே சுருட்டை முடியை நேராக்கிக்கிட்டா, நாலு மணி நேரம் அசையாம உட்காந்திருந்தா, வில்மார் அம்மாவைப் பாக்கப் போறேன், நனைஞ்சா மறுபடி சுருண்டுடும், நனையாம போகணும்னு சொன்னாளேன்னு.

நாலு மணி நேரம். எனக்காக. அதுக்குத்தான் அந்தப் பை.

பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். பாதர் கேட்டாரு, இதை அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியான்னு. இல்ல பாதர்னேன். அப்புறம் எங்கிட்ட வந்து ஏம்மா சொல்றன்னு கூண்டு ஜன்னலைச் சாத்திட்டாரு. பால இயேசு கோயிலுக்கு ஒம்பது ஞாயித்துக்கிழமை நேந்துக்கிட்டு நடந்தேன். மெழுகுவத்தி ஏத்தி மண்டி போட்டா, வில்மாரைக் கொண்டான்னு கேக்க வாய் வருது, மன்னிச்சுடுன்னு கேக்க வர மாட்டேங்குது. ஊர்ல இருக்கறவங்க தலையில என்ன மாட்டியிருக்காங்கன்னு சொல்லச் சொல்லு, பொழுது விடியற வரைக்கும் சொல்லுவேன். இந்த ஒரு வார்த்தைக்கு நாக்கு ஒட்டிக்குது. போன ஞாயித்துக்கிழமையோட ஒம்பது முடிஞ்சுது.

ஏம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்ட? வெல்லத் தண்ணி ஆறுது பாரு.

மழை குறையுது. கொஞ்ச நேரத்துல விட்டுடும், நீ போயிடுவ. சரி, அந்தச் சீட்டை எடு, வேலையைப் பாப்போம். படிக்க வேண்டாம், தெரியும் எனக்கு. நாப்பத்தாறு. நீ கத்திரிக்கோலுக்கு அடியில வைக்கறப்பவே பாத்துட்டேன். நாலைப் பாரேன், ஒத்தக் கால் ஒடிஞ்ச நாற்காலி மாதிரி. இந்த நாலுக்காக வில்மார் பள்ளிக்கூடத்துல வாங்காத அடியில்ல. எத்தனை நோட்டுல அழிச்சு அழிச்சு எழுத வச்சேன், திருந்தவே இல்ல பாத்தியா.

நாப்பத்தாறுன்னா ஒரு வயசுத் தலை. சைக்கிள்ல முன்னாடி உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போறீங்களோ? ஞாயித்துக்கிழமை ரோட்டையே சைக்கிளுக்கு விட்டுடறாங்களே, அப்பவா? வெயில் பட்டா சின்னத் தோலு தாங்காதும்மா, உள்ள தொப்பி போட்டே ஆகணும். பையனா, பொண்ணா? இல்ல, சொல்லாத. எனக்குச் சொல்லணும்னு உனக்கு என்ன தலையெழுத்து? அவன் அனுப்பினானா, நீயா வந்தியா, அதையும் கேக்க மாட்டேன். வந்தியே.

இதோ, வெட்டறேன். மஞ்சத் துணி, பையனுக்கும் ஆகும், பொண்ணுக்கும் ஆகும். டேய் ஒவீதியோ, என்ன வாயைப் பிளக்கற? ஆமாண்டா, சீட்டைப் பாத்துத்தான் வெட்டறேன். நான் பாக்காத தலைக்கு வெட்டற மொதத் துணி இது. உங்கப்பனுக்கு என்னடா வந்துச்சு?

அளவு சரியா இருக்காதும்மா, இப்பவே சொல்லிடறேன். அவன் எப்பவும் டேப்பைத் தளர்த்திப் பிடிப்பான். போட்டுப் பாரு, தொளதொளன்னு கண்ணை மறைக்கும். அப்ப திருத்தறதுக்குக் கொண்டாந்துதானே ஆகணும்? கொண்டு வரப்ப தலையையும் சேத்துக் கொண்டு வா. நான் வாயே திறக்க மாட்டேன். வாயில நாலு ஊசியைக் கவ்விக்கிட்டுத்தான் உட்காந்திருப்பேன், பேச முடியாது.

அந்த நீலம் இங்கயே தொங்கட்டும். உங்கிட்ட குடுத்தனுப்ப மாட்டேன். அவன் வந்து எடுத்துக்கட்டும்.

மழை விட்டுடுச்சு. இரு, போகாத. நீ வரும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்னு ஹெல்மெட்டைக் கழட்டின. உள்ள இருந்ததை எடுத்து, உதறி, நாலா மடிச்சு பாக்கெட்டுல வச்சுட்டுத்தான் இங்க கால் வச்ச. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தப் பையை எடு, ஈரத்தோட இருந்தா நாறிப் போயிடும். குடு எங்கிட்ட. இந்தக் கயித்துல, தொப்பிங்களோட சேத்து மாட்டறேன், காயட்டும். யாராவது சிரிக்கட்டும், பாக்கறேன்.

டேப்பு எங்க? ஆங், கழுத்துலயே இருக்கு. உன் தலைக்கும் ஒண்ணு தைக்கணும், நாலு வருஷம் தாமதம். கொஞ்சம் குனி, யுரானி.