சாயம் போகாத துணி

மனைவி: தையல் மெஷின் பெடல் குத்துது, அதான் சாக்ஸ் போட்டேன். போதுமா?

மாஸ்டர்: பதினெட்டு வருஷமா குத்தாத பெடல் இன்னைக்குக் காலங்காத்தால குத்துதாக்கும்...

மனைவி: நீங்க துணிய வெட்டுங்க. என் காலுக்கு அளவெடுக்க வேணாம்.

மாஸ்டர்: போன தடவையும் இப்படித்தான் மறைச்ச.

மனைவி: நானா? காலெல்லாம் சிவப்புப் புள்ளியா வந்தப்ப, 'தைக்கிற சிவப்புத் துணி சாயம் விடுது, சோப்புப் போட்டுத் தேய்'னு சொன்னது யாரு?

மாஸ்டர்: அப்ப நெசமாவே சாயம்னுதான் நெனச்சேன்.

மனைவி: அதோட விட்டீங்களா? துணிக்கடைக்காரர்கிட்ட போய்ச் சண்டை வேற!

மாஸ்டர்: மனுஷன் என் கண்ணு முன்னாடியே துணிய நனைச்சுப் பிழிஞ்சு காட்டினாரு. தண்ணி பளிச்சுன்னு இருந்துச்சு. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கிறதுன்னே தெரியல...

மனைவி: நல்லா வேணும்!

மாஸ்டர்: சிரி, சிரி. வீட்டுக்கு ஓடி வந்தா, நீ என்னையே யாருன்னு கேட்ட.

மனைவி: அப்பவாவது கொஞ்சம் நிம்மதியா இருந்திருப்பேன்.

மாஸ்டர்: விளையாடாத. 'உடம்பே உடம்பைத் தாக்குது, ரத்தம் உள்ள குட்டிக் குட்டியா உறையுது, இன்னும் ஒருநாள் விட்டிருந்தா...'ன்னு டாக்டரம்மா சொன்னது இன்னும் காதுல நிக்குது.

மனைவி: பத்து லட்சத்துல நாலஞ்சு பேருக்குத்தான் வருமாம். பரிசுச் சீட்டுல ஒரு சோப்பு டப்பாகூட விழாத எனக்கு!

மாஸ்டர்: ஆறு நாள் கழுத்துல குழாயப் போட்டு, உன் ரத்தத்துலேருந்து பிளாஸ்மாவ எடுத்துட்டு அடுத்தவங்களோடத ஏத்தினாங்க. அதுல எவளோ ஒரு வாயாடி. அதுக்கப்புறந்தான் உனக்கு வாய் கூடிப்போச்சு.

மனைவி: அந்தப் புண்ணியவதி நல்லா இருக்கட்டும்.

மாஸ்டர்: ஆமா... திரும்பப் புள்ளி வந்தா என்ன செய்யணும்னு சொன்னாங்க?

மனைவி: வந்த அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வரணும்னு.

மாஸ்டர்: வந்திருக்கா?

மனைவி: ...சாயமா இருக்கும்.

மாஸ்டர்: நாலு நாளா வெள்ளச் சட்டைதான தைக்கிற?

மனைவி: மூணே மூணு புள்ளிதாங்க... பள்ளிக்கூடச் சட்டை இன்னும் நாப்பது பாக்கி. நாளைக்குக் குடுத்துட்டுச் சொல்லலாம்னு... இல்ல, பொய். கழுத்துல திரும்பவும் அந்தக் குழாயப் போடுவாங்கன்னு பயமா இருக்குங்க.

மாஸ்டர்: மூணு இல்ல, அஞ்சு. ரெண்டு வருஷமா நீ எந்திரிக்கிறதுக்குள்ள உன் ரெண்டு காலையும் பாத்துட்டுத்தான் நான் பல்லே விளக்குறேன். டாக்டரம்மாகிட்ட அப்பவே சொல்லியாச்சு. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வர்றதுக்குள்ள நீயே சொல்லுவியான்னு பாத்தேன்... அதோ ஹாரன் சத்தம், எந்திரி.