முன் சில்லுக்குப் போகிற குழாய்

"ஹலோ... ஹலோ, ஸாலிஹ் நானாவோ?... ஓம், ஓம், நான்தான். வெள்ளவத்தை சண்முகலிங்கம்... அந்த ஜீப்காரன்தான்! நானா, நாலு சில்லும் இழுக்குதில்லை. பின்சில்லு ரெண்டும் சுத்துது, முன்சில்லு ரெண்டும் சும்மா வேடிக்கை பாத்துக்கொண்டு நிக்குது... போயா லீவு எண்டு தெரியும், கராஜ் பூட்டு எண்டும் தெரியும். அதுதான் வீட்டு நம்பருக்கு அடிச்சனான்."

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், மதிலோரமாகக் குந்தியிருந்தார் சண்முகலிங்கம். நேரம் காலை பத்தரை. அறுபத்தெட்டு வயது மனிதர், சாரத்தை மடித்துக் கட்டி, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, ஜக்கில் தூக்கி நிறுத்திய ஜீப்பின் முன்சில்லை முறைத்துக்கொண்டிருந்தார். இந்த ஜீப்பின் பெருமையை அவர் பேசாத கல்யாண வீடு கொழும்பில் கிடையாது. மீன் வாங்கவும் கோயிலுக்குப் போகவும் நாலு சில்லு இழுவை எதற்கு என்று பிள்ளைகள் கேலி செய்தால், ஒரு நாளைக்குத் தேவைப்படும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அந்த ஒரு நாள் இன்றைக்கு வந்திருந்தது.

"நாளைக்கு இல்லை நானா, இப்ப! இப்பவே வெளிக்கிடோணும்... வன்னிக்கு, தங்கச்சி வீட்டை. மச்சானுக்குக் கிட்னி ரெண்டும்... ஓம், டயலிசிஸ்தான். குளம் உடைச்சு றோட்டை அள்ளிக்கொண்டு போட்டுது. ரெண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போகேலாமப் போச்சு. நாளைக்குக் காலமை மூண்டாந்தரம்... விட்டாலோ? விட்டா ஆள் இல்லை எண்டு டொக்டர் முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டார்."

சொல்லி முடித்து, போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"சொல்லுங்கோ, நீங்கள் சொல்லச் சொல்ல நான் செய்யிறன்... லொக்கோ? சில்லிலை இருக்கிற திருகாணி ரெண்டையும் லொக்குக்குத் திருப்பிட்டன். உப்புக்காத்துக்குக் கறள் பிடிச்சுக் கிடந்தது, குறட்டாலை பிடிச்சுத்தான் திருப்பினனான்... லீவரும் போட்டன். ஓம், ஓம், பச்சை லைற்றும் பத்துது... எங்கை ஓட்டிப் பாத்தனானோ? பக்கத்து வளவிலை பிளட் கட்டுறாங்கள், அங்கை கொட்டிக் கிடந்த மணலிலை ஏத்தினன். புதைஞ்சு போச்சு. அஞ்சு பேர் வந்து தள்ளி எடுத்தவை."

அந்த ஐந்து பேரும் சிரித்ததை அவர் சொல்லவில்லை.

"சத்தமோ? கிடக்கு. ஆனா பழைய சத்தம் இல்லை நானா. அந்தக் கிணுகிணுப்பு, மூண்டு வருசத்துக்கு முன்னம், அந்த டீசல் வரிசை நேரம் நீங்கள் திருத்தினபிறகு கேக்கவேயில்லை. அந்தமாதிரி வேலை!... இது வேறை. மேடு ஏறி இறங்கேக்கை 'டொக்' எண்டும். வளைவிலையும் எண்டும். புஷ் றப்பர் தேஞ்சிருக்கும் எண்டு விட்டிட்டன்... கீழையோ? குனிஞ்சு பாக்கவோ?... ஓம், சில்லுக்குக் கல்லு வைச்சிருக்கிறன். பொறுங்கோ."

முழங்காலை ஊன்றிப் படுத்து, தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"பாத்தன்... நடுவிலை பெட்டி. அதிலையிருந்து பின்னுக்கு ஒரு குழாய் போகுது, என்ர கைத்தடிப்பிலை... முன்னுக்கோ? முன்னுக்கு... ஒண்டையும் காணேல்லை... வடிவாத்தான் பாக்கிறன் நானா! அந்தப் பக்கத்து மதிலடியிலை படுத்திருக்கிற பூனை தெரியுது. வேறையொண்டும் இல்லை."

மறுபக்கம் ஏதோ நீளமாகச் சொல்லப்பட்டது. சண்முகலிங்கம் படுத்தபடியே கேட்டார்.

"ஓம்... ஓம்... முன்சில்லுக்குப் போற குழாய், ஷாப்ட்... அதின்ரை மூட்டிலை குரோஸ் தேஞ்சதாலைதான் அந்தக் கிணுகிணுப்பு... வெளிநாட்டிலை இருந்து சாமான் வராத நேரம்... அதாலை கழட்டினனீங்கள்... கழட்டினதோ?... சாமான் வந்தவுடனை திரும்பப் பூட்டித் தாறன் எண்டு சொன்னனீங்களோ? ஆருக்கு? எனக்கோ?"

சொல்லியிருப்பார். கொட்டாஞ்சேனைக் கராஜ் வாசலில், ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஸாலிஹ் நெடுநேரம் எதையோ விளக்கியது இப்போதுதான் ஞாபகம் வந்தது. சண்முகலிங்கமும் பெரிய மனிதராகத் தலையாட்டினார். ஆனால் அவருடைய காது முழுக்க, கிணுகிணுப்பு நின்றுபோன ஜீப்பில் அல்லவா இருந்தது! வீடு வரைக்கும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தார்.

"அப்ப அந்த ஷாப்ட் எங்கை நானா?... என்ர பின்சீற்றடியிலையோ?... சாக்கிலை சுத்தி..."

எழுந்து மதிலோடு சாய்ந்து உட்கார்ந்தார். கொழும்பில் வாகனம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கராஜில் புதுச் சாமான் பூட்டினால், கழற்றிய பழசைக் கையில் தந்துவிட வேண்டும். அதைக் கேட்டு வாங்காதவன் ஏமாளி. சண்முகலிங்கம் ஏமாளி அல்ல. ஒரு பில்டரைக்கூட விடாமல் கேட்டு வாங்கிவந்து வீட்டுக்குப் பின்னால் குவித்து வைப்பார். அன்றைக்கு அந்தச் சாக்குமூட்டையைக் கண்டபோதும், பழசைத் தானாகவே வைத்துவிட்ட ஸாலிஹின் நேர்மையை மெச்சினார்.

"நானா... நான் அதைக் குடுத்திட்டன்... போத்தல் பேப்பர் வாங்க வாறவனுக்கு. பழைய இரும்போடை இரும்பா... மாத்தின சாமான் எண்டல்லோ நினைச்சன்!... இல்லை, மனுசி குடுக்கேல்லை. நான்தான். என்ர கையாலை தூக்கித் தராசிலை வைச்சனான்."

பக்கத்து வீட்டு ஸமீமா கேற்றைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, அவருடைய முகத்தைக் கண்டதும் மெல்லச் சாத்திக்கொண்டாள்.

"தெமட்டகொடையிலை பழைய பாட்ஸ் விக்கிறவை... ஓம், போயாதானே, பூட்டு. திறந்தாலும் இந்த மொடலுக்கு இல்லையோ... சரி. சரி நானா, பின்சில்லோடையே போறன். மெதுமெதுவா உருட்டிக்கொண்டு... என்ன? ஆட்டிப் பாக்கவோ?... மேலையும் கீழையும் பிடிச்சு..."

இரண்டு கையாலும் முன்சில்லைப் பிடித்து உலுக்கினார். போன் மடியில் விழுந்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

"ஆடுது... விழப்போற பல்லு மாதிரி ஆடுது... சில்லைப் பிடிச்சிருக்கிற போல் ஜொயின்டோ? அதுதான் டொக் எண்டதோ?... சில்லு கழண்டே போமோ?... கொட்டாஞ்சேனை வரைக்கும்கூடவோ?... ஓம். ஓம். விளங்குது."

விளங்கத்தான் செய்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"வேறை வாகனமோ? மணலிலை புதைஞ்சதிலையிருந்து பதினொரு பேருக்கு அடிச்சன் நானா. ஜீப் வைச்சிருக்கிறவை எல்லாம் நிவாரணத்துக்குப் போட்டினம்... அங்கை வன்னியிலையோ? அங்கை விடியக் காலமை நிவாரணச் சாமானோடை ஒரு ட்ரக்டர் வந்தது. திரும்பிப் போகேக்கை ஆளை ஏத்திக்கொண்டு போறம் எண்டு அந்தப் பெடியள் எவ்வளவோ கேட்டவை. தங்கச்சி என்னட்டைக் கேட்டாள். நான்... நான் சொன்னன், வருத்தக்காரனை ட்ரக்டர் பெட்டியிலை ஏத்திக் குலுக்காதை, அண்ணன் ஜீப்போடை வாறன் எண்டு... போட்டுது. அப்பவே போட்டுது. இனி எப்ப வருமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது... இல்லை நானா, உங்களிலை பிழை இல்லை. நீங்கள் சொன்னனீங்கள்தானே. நான்தான் கேக்கேல்லை."

காதுக்குள் பீப் பீப் என்றது. சுபோதினியின் பெயர் திரையில் மின்னியது.

"நானா, தங்கச்சி எடுக்கிறாள்... ஓம், சொல்லத்தான் வேணும். வைக்கிறன்."

கறளும் எண்ணெயும் ஒட்டிய விரல் வழுக்கியதால் இரண்டு தரம் அழுத்த வேண்டியிருந்தது.

"ஹலோ... ஓம் பிள்ளை, அண்ணன்தான்... விட்டு விட்டுத்தான் கேக்குது, சத்தமாச் சொல்லு... புத்தளம் தாண்டிட்டனோ எண்டோ?... இல்லை, தாண்டேல்லை... பிள்ளை, நான் சொல்லுறதை ஒருக்காக் கேள்... என்ன? மச்சானுக்கு மேல் துடைச்சு, சேட்டுப் போட்டு, வெளியிலை கதிரையிலை இருத்திப்போட்டியோ?... றோட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறாரோ?"

சண்முகலிங்கம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எழுபது பேர் இருந்த கல்யாணப் பந்தியில் ஒரு தரம்கூடத் திக்காத நாக்கு இப்போது அசைய மறுத்தது.

"பிள்ளை, நான் வரேல்லை... ஜீப் ஓடாது. நாலு சில்லு இழுவை இல்லை, மூண்டு வருசத்துக்கு மேலா இல்லை. அவரை உள்ளுக்கை கூட்டிக்கொண்டு போ. ஆரையாவது பிடி, ஆமிக்காரரைக் கேள், வள்ளக்காரரைக் கேள், என்னைப் பாத்துக்கொண்டு இருக்காதை... கேக்குதே?... சுபோ?... ஹலோ?... ஹலோ?"

இணைப்பு அறுந்திருந்தது. எந்தச் சொல்லோடு அறுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. திரும்ப அடித்தார். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் குரல் சிங்களத்தில் சொல்லி, தமிழில் சொல்லி, ஆங்கிலத்திலும் சொன்னது. மறுபடி அடித்தார். வன்னியில் ஒரு மனிதன் வெளுத்த சேட்டோடு கதிரையில் இருந்து றோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவனை எழுப்பி உள்ளே கூட்டிப்போகச் சொன்ன பேச்சு அங்கே போய்ச் சேராமலே இருக்கலாம். அந்தப் பெண் குரல் மறுபடியும் சிங்களத்தில் தொடங்கியது.