குறி தப்பாத முப்பத்தேழு பேர்

…முப்பத்தேழு பேருங்க! மூணே வாரத்துல! இப்படி எல்லாருமே திருடனுங்களா இருந்தா ஒரு பொம்பள எப்படிங்க சர்வர் நடத்துறது? தலைய ஆட்டாதீங்க, கத்திரி பட்டுரும்.

அதோ, ஷாம்பு பெட்டிங்களுக்குப் பின்னால புர்ருன்னு ஒரு சத்தம் கேக்குதா? அதான் என் சர்வர். அவங்கவங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்தே இதுல வந்து ஆடுற பழைய துப்பாக்கி ஆட்டம்ங்க… ஒரு பனிக்காடு, நடுவுல ஒரு பாலம், ரெண்டு கட்சி. பாலத்தப் புடிக்கணும், அவ்வளவுதான். பதினோரு வருஷமா ஞாயித்துக்கிழம மத்தியானம் ஆனா ஆடுவோம். லாரி ஓட்டுறவரு, பல் டாக்டரு, வினிபெக்ல ஒரு பாதிரியாரு… பாதிரியாரு எப்படிச் சுடுவாருங்கறீங்க! சுட்டுட்டு "மன்னிச்சுரும்மா"ன்னு வேற எழுதுவாரு!

ம்? எனக்கு எப்படித் தெரிஞ்சுதுங்கறீங்களா? அட, குருடிக்குக்கூடத் தெரியும். ஒரு ஞாயித்துக்கிழம திடீர்னு பல் டாக்டரு தொடர்ந்து பதினாலு பேர நெத்தியில சுடுறாரு. மனுஷன் அதுவரைக்கும் மரத்தத் தவிர வேற எதையும் சுட்டதே கெடையாது! குறிய தானா புடிச்சுக்குடுக்குற திருட்டு சாமான் ஏதோ வாங்கிட்டாருன்னு நெனச்சேன். அமுக்குனேன், ஆளத் தள்ளுற பொத்தான. வெளிய! அடுத்து லாரிக்காரரு. வெளிய! பாதிரியாரு… கடவுளே, அவரையும்தான்!

போனா போய்த் தொலையுறாங்களா? அதான் இல்ல! புதுசா ஒரு மெயில், வாய்க்கு வந்த பேரு ஒண்ணு… காபி ஆறுறதுக்குள்ள புது ஆளா வந்து நிக்கிறாங்க. தூக்கிப்போடுற அக்கவுண்ட்டுங்க, பேப்பர் கப்பு மாதிரி. நான் தள்ள, அவங்க வர, நான் தள்ள… ஒரு கையில ரேஸர், ஒரு கையில மவுஸ்! முடி வெட்ட வந்த வாஸிலெங்கோ அம்மாவுக்கு ஒரு பக்கத்துப் புருவமே போயிருச்சு. பெரிய மனசு அவங்களுக்கு, தொப்பி போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க.

இதுல ஒரு நல்ல விஷயம் என்னன்னா… சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்றேன்… அந்த மூணு வாரமும் ஒவ்வொரு ஆட்டத்துலயும் முதலிடம் யாருன்னு நெனக்கிறீங்க? நான்! அம்பத்திமூணு வயசுல! சுட்டா விழுறானுங்க! இத்தன வருஷ உழைப்பு இப்பத்தான் கையில வந்து உக்காந்துருக்குன்னு கண்ணாடி முன்னால நின்னு என்னையே பாத்துக்கிட்டேன்.

ஆனா ரொலாண்டத் தள்ளுனதுதான்… அதுதான் மனசுல தச்சுது. கபஸ்கேசிங்னு ஒரு ஊருல இருக்காரு, மரம் அறுக்குற மில்லுல இருந்து ரிட்டயர் ஆனவரு. முகத்தப் பாத்ததில்ல, போன் நம்பர்கூடத் தெரியாது. ஆனா பதினோரு வருஷமா அந்தப் பாலத்துல என் முதுகுக்குப் பின்னால நின்னு காவல் காத்தவரு அவருதான். அவரே ஒரு நாள் குறி தப்பாம சுடுறாரு. "நீயுமாய்யா?"ன்னு எல்லாரும் பாக்குற மாதிரி எழுதிட்டு அமுக்குனேன்.

அவரும் திரும்பி வந்தாரு. பிஸ்கெட்னு ஒரு பேருல. "மார்லிஸ், ஒரு நிமிஷம் கே…"ன்னு எழுதுறாரு. வெளிய! டியூக்னு வந்தாரு. "மார்லிஸ், நான் சொல்ற…" வெளிய! கெஞ்ச வர்றாருன்னு நெனச்சேன்ங்க! பாவம், ஒத்த வெரலால தட்டுற ஆளு. அவரு ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள நான் அமுக்கிருவேன். இப்படியே எட்டு தடவ!

போன வாரம் ஞாயித்துக்கிழம உள்ள போறேன்… யாருமே இல்ல. காடு இருக்கு, பாலம் இருக்கு, பனி கொட்டுது, நான் மட்டும் துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். எவ்வளவு நேரம்தான் தனியா முதலிடத்துல நிக்கிறது, சொல்லுங்க? அப்போ மிட்டென்ஸ்னு ஒருத்தர் வர்றாரு. இந்த தடவ முழுசா எழுதி வச்சு, அப்படியே ஒட்டிட்டாரு:

"மார்லிஸ், தள்ளாத. இது ஒம்பதாவது அக்கவுண்ட். நான் வளத்த நாய்ங்க பேரெல்லாம் தீந்துருச்சு, இது பூனை. செட்டிங்ஸ்ல ஏழாவது வரியப் பாரு."

பாத்தேன்.

புதுசா வர்றவங்களுக்கு சர்வரே குறி பாத்துக் குடுக்கும், அப்படி ஒரு வசதி இருக்குங்க. 'எல்லாருக்கும்'னு போட்டிருக்கு! போட்டது யாரு? நான்தான்! என் நாத்தனா வெர்னா ஒரு நாள் ஆடிப் பாக்குறேன்னா. அவளுக்காகப் போட்டேன். அவ பத்து நிமிஷம் ஆடிட்டு அடுப்புல பெரோகிக் கொழுக்கட்டை வேகுதுன்னு ஓடிட்டா. நான் அணைக்க மறந்துட்டேன். அவ்வளவுதான்! ஒருத்தரும் திருடல! பல் டாக்டர் திருடல, பாதிரியார் திருடல… நானும் முதலிடம் வரல! ஹய்யோ… இருங்க, சிரிச்சா கை ஆடுது.

ரொலாண்டுகிட்ட "ஏன்யா ஒம்பது தடவ வந்தே?"ன்னு கேட்டேன். "உன் முதுகு காலியா இருந்துச்சே"ன்னாரு.

அந்த வரிய அணைச்சேன், முப்பத்தேழு பேருக்கும் மெயில் போட்டுக் கூப்ட்டேன். வந்தாங்க! வந்து என்னைய மட்டுமே தொரத்துனாங்க, ஒரே ஆட்டத்துல நாப்பத்தோரு தடவ செத்தேன். நான் சுட்டது? ஒரே ஒரு மரம்! பாதிரியார் ஒரு தடவகூட மன்னிப்பு கேக்கல!

இனிமேதாங்க கத! நேத்து ஞாயித்துக்கிழம மத்தியானம் எவனோ ஒருத்தன் வந்தான். செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்தே பட்பட்னு சுடுறான். எல்லாரும், "மார்லிஸ், தள்ளு அவன!"ங்கறாங்க. எனக்குக் கை வரல. "இருங்கப்பா, எதையாவது போட்டு வச்சிருப்பேன்"னு ஒவ்வொரு வரியா தேடுறேன். அதுக்குள்ள அவன் எல்லாரையும் ரெண்டு சுத்து கொன்னுட்டான். ரொலாண்டுதான் எழுதுனாரு: "மார்லிஸ், கண்ணு, இவன் நெஜத் திருடன். அமுக்கு."

அமுக்குனேன். ரெண்டே நிமிஷம்… வேற பேரு, அதே செவுரு, அதே பட்பட்! வந்துட்டான்யா! நெஜமாவே தூக்கிப்போடுற அக்கவுண்ட்டு! என் தப்பு ஒண்ணுமே இல்ல! நான் நாற்காலியில இருந்து எந்திரிச்சு ஆடுறேன், அங்க முப்பத்தேழு பேரும் கைதட்டுறாங்க… அவன் குழம்பிப்போயி, "என்ன ஆச்சு உங்களுக்கெல்லாம்?"னு கேட்டுட்டு, தானாவே வெளிய போயிட்டான்ங்க!