சிறகு நுனி இல்லாத காசு

இந்தத் தேநீருக்குச் சீனி போதாது; பரவாயில்லை, தாரிணி. நான் சொல்வதை நீங்கள் பொலிஸ்காரருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நீங்கள் தமிழ்நாடு என்பதால் பொன்னுருக்கைப் பற்றி முதலில் விளக்கிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தவர் நாங்கள் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டில் ஒரு பொற்காசை உருக்குவோம். அந்தப் பொன்னில்தான் தாலி செய்வது.

என்னிடம் ஒரு கிரேக்கப் பொற்காசு இருந்தது, அலெக்சாந்தர் காலத்தது. ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட அதீனா. மறுபக்கம் வெற்றித் தேவதை, நீட்டிய கையில் மலர்வளையம். அச்சு கொஞ்சம் விலகி விழுந்ததால் ஒரு சிறகின் நுனி காசுக்குள் வரவில்லை. வேலை முடிந்து எல்லர்ஸ்லி வீட்டுக்கு வந்தால் முதலில் அந்தத் தேவதையைத்தான் பார்ப்பேன். அவள்மேல் எனக்கு அத்தனை ஆசை.

மகன் அகிலின் பொன்னுருக்கு அன்று, வாங்கி வைத்த காசை என் மனைவி புஷ்பவதி எங்கோ வைத்துவிட்டுத் தேடினாள். நல்ல நேரம் போகிறது, தட்டார் நெருப்போடு காத்திருக்கிறார். நான் விமான நிலையத்திலிருந்து விருந்தாளிகளை ஏற்றிவரப் போயிருந்தேன். புஷ்பவதி நான் காசு வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, என் தேவதையை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"பவுண் பவுண்தானேயப்பா," என்றாள், நான் வந்ததும். அதற்குள் உருகி முடிந்திருந்தது. எல்லாரோடும் இருந்து பாயசம் குடித்தேன்.

மருமகள் நிருஜா நல்ல பிள்ளை. இதைவிடப் பாரமான தாலி செய்து தருகிறேன், இதைத் தா என்று பக்குவமாகக் கேட்டேன்.

"என்ன மாமா கதைக்கிறியள்? அவர் இருக்கேக்க நான் எப்பிடி இதைக் கழட்டுறது?"

நியாயமான பதில். பல நாள் யோசித்தும் வேறு வழி தெரியவில்லை.

அகிலுக்கு மீன்பிடி என்றால் உயிர். முரிவாய்க் கடற்கரைப் பாறையில் தூண்டிலோடு நின்றான். லைஃப் ஜாக்கெட் போடச் சொன்னால் கேட்கமாட்டான். பெரிய அலை வரும்வரை பின்னால் பொறுத்து நின்றேன். பிறகு தள்ளினேன். "அப்பா," என்றான், கோபமில்லாமல், ஏதோ கேட்க வந்தவன் மாதிரி.

செத்தவீட்டில் நிருஜா தாலியைக் கழற்றி அவன் நெஞ்சில் வைத்தாள். பெட்டி மூடுமுன் நான் எடுத்துக்கொண்டேன். அதை அவள் கண்டுவிட்டாள்; அதனால்தான் இங்கே இருக்கிறேன்.

வீட்டில் தாலியை விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முகமும் இல்லை, சிறகும் இல்லை.

ஒன்றை மட்டும் சரியாக எழுதச் சொல்லுங்கள், பிள்ளை. எங்கள் வீட்டில், திரும்பக் கிடைக்காத ஒன்றை அழித்தது புஷ்பவதி.