பால்காரர் வீட்டுப் பாக்கெட் பால்

"எங்க வூட்ல பாக்கெட் பால்தான்க்கா."

சொன்னவர் பால்காரர். மூன்று மாடு வைத்திருக்கிறாராம். சைதாப்பேட்டை பஸ் ஸ்டாப்பில், காலடியில் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலிக் கூடையோடு ஒரு மீன்காரம்மா. நான் கையிலிருந்த போனை அணைத்துவிட்டேன்.

"மாட்ட வச்சிக்கினு பாக்கெட்டா? இன்னா நைனா சொல்ற?"

"இந்தப் பருத்தி வெதைய லேப்ல மாத்திட்டாங்களாம்க்கா. தெரிஞ்சவன் ஒருத்தன் போன்ல வீடியோ காட்னான். செடிய கடிச்சா புழு செத்துப்பூடுமாம். அந்தக் கொட்டைய ஆட்டித்தான் இந்தப் புண்ணாக்கு எடுக்கறாங்க."

"மாட்டுக்கு எதுனா ஆச்சா?"

"ஒண்ணும் ஆவல. மாட்டு டாக்டரும் பயப்படாதன்றாரு. ஆனா எம் பொண்டாட்டிக்கு இப்ப அஞ்சு மாசம். இதுக்கு முன்னாடி ரெண்டு தங்கல. மனசு கேக்க மாட்டேங்குது."

"அப்ப தீனிய மாத்து."

"மாத்திப் பாத்தேன். பால் பாதியாப் பூட்ச்சி."

"கோயிலுக்கும் நீதான ஊத்துற?"

"அது அபிஷேகத்துக்குக்கா. சாமிக்கு இன்னா ஆவப் போவுது?"

மீன்காரம்மா குனிந்து மூட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"சரி நைனா, பாக்கெட்ல வர்ற பாலு... அந்த மாடுங்க இன்னா துன்னுது?"

பால்காரர் பஸ் வருகிற பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

"அத எம் பொண்டாட்டி இன்னும் கேக்கலக்கா. நீயும் கேக்காத."