கொக்கிக் கழுத்தில் இரண்டு கோட்

துருவைப் பார்த்த பிறகும் அதன் மேல் பெயிண்ட் அடிக்கிறவனை நான் மனித இனத்தில் சேர்ப்பதில்லை. காலேஜ் சுவர்ப் பத்திரிகையில் இதை ஒரு கட்டுரையாகவே எழுதியிருக்கிறேன். எங்கள் ஹெச்.ஓ.டி. படித்துவிட்டு, லேப் ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதை ஒரு வாரம் தள்ளிப்போட்டார்.

மழைக்கு முடிச்சூர் பக்கம் தண்ணீர் ஏறினால் ஆட்களை ஏற்றிவரலாம் என்று என் நண்பன் ஜெபினின் அப்பா ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கிப் போட்டிருந்தார். அதை இழுத்துப்போக ஒரு ட்ரெய்லர், படப்பை காயலான் கடையில் துருவோடு கிடைத்தது. சேலையூரில் எங்கள் வீட்டு கார் ஷெட்டில், நானும் ஜெபினும் ஏழு மாத ஞாயிறுகளை அதற்குக் கொடுத்தோம். ஆராதனை முடிந்து, ஜெபின் சர்ச் சட்டையோடே வந்து உப்புத்தாள் பிடிப்பான். நான் சுத்தியலால் தட்டிக் கேட்பேன். நல்ல இரும்பு கணீரென்னும். துரு தின்றது தொப்பென்னும்.

“உன் காது சொன்னா போதும் மச்சான்” என்பான். ஒரு தடவைகூட அவன் தட்டிப் பார்த்ததில்லை.

கடைசி ஞாயிறு, பின்னால் மாட்டுவதற்குப் பெயர்ப் பலகை கொண்டுவந்தான். சிவப்பில், ‘ஜெபின் – காலேப்’. காலேப், ஜெபினுடைய சர்ச்சில் கிட்டார் வாசிப்பவன். ஏழு மாதத்தில் இரண்டு முறை வந்தான். இரண்டு முறையும் செல்ஃபி எடுத்தான்.

“இன்னா மச்சான் மூஞ்சி? உன் பேரு மனசுல கீது. போர்டுல இடம் பத்தல.”

இரண்டு பெயருக்கும் நடுவே ஒரு மீன் வரைந்திருந்தது. நல்ல பெரிய மீன்.

“சேச்சே” என்றேன்.

அவன் பலகையை முடுக்கிக்கொண்டிருக்கும்போது, காரோடு சேரும் கொக்கிக் கழுத்தைத் தட்டினேன். தொப்பென்றது. ஸ்க்ரூ டிரைவர் நுனி பாதி உள்ளே போனது.

“அடியில ஓகேவா?”

“ஓகே.”

ஓட்டைக்குப் பட்டி பார்த்தேன், தேய்த்தேன், நீலம் அடித்தேன். அது காயும்போது ஜெபின் சொன்னான்: “நாளைக்கு நான் கார் ஓட்டறேன். காலேப் படகைப் பாத்துகினு பைக்ல பின்னாடியே வரான்.”

இரண்டாவது கோட் அடித்தேன். அழகாக வந்தது.

கேம்ப் ரோடு ஸ்பீட் பிரேக்கரில் கார் போய்விட்டது, ட்ரெய்லர் நின்றுவிட்டது. படகு பின்பக்கமாக, பைக் மேல் சரிந்தது. காலேப்புக்கு இருபத்தோரு வயது. அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன்.

போலீஸ் ஸ்டேஷனில் பேப்பர் கொடுத்து, “தெரிஞ்சதை எழுதுப்பா” என்றார்கள். பக்கத்து பெஞ்சில் ஜெபின், “நான் ஒரு தடவை தட்டிப் பாத்திருக்கணும் சார், ஒரே ஒரு தடவை” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான் எழுதினேன்: ‘கழுத்தில் துரு இருந்தது. எனக்குத் தெரியும்.’

படித்துப் பார்த்தேன். பிறகு ரைட்டர் மேஜையிலிருந்த ஒயிட்னரை எடுத்து, அந்த வரியின் மேல் தடவினேன். காயவிட்டு, இன்னொரு கோட்.